நடுவழியில் நின்ற வண்டி



வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வெளியூர் புறப்பட்டுச் சென்றால், அவன் திரும்பி வரும்வரை வாசலில் கேட்கும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்திற்கும் தலையை உயர்த்திப் பார்க்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அஞ்சுவது விபத்தை மட்டுமன்று. ஆளரவமற்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டதோ, இருட்டிய நேரத்தில் யாரிடம் போய்க் கை நீட்டுவான், அவனுக்கு உதவ யார் இருப்பார்கள் என்ற கவலைதான் அவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. அந்தக் கவலையை ஒருமுறை சாலையில் நின்று நானே அனுபவித்தவன். அதுவும் தனியாக அன்று, என்னைப் பெற்ற தாயுடன். இம்மாதம் அதைப் பற்றியே தங்களுடன் பேச விழைகிறேன்.

அது 1994ஆம் ஆண்டு. நாங்கள் மதுரை மகபூப்பாளையத்தில் குடியிருந்தோம். ஒரு நாள் பிற்பகல், பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் இளையான்குடியிலிருந்து தகவல் வந்தது. என் சின்னம்மாவுக்கு உடல்நிலை மிகவும் மோசமாகிவிட்டது, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறார், உடனே வரவும். என் தாயாருக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவரே. அம்மா அப்போது ஐம்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். பேருந்து நிலையம் சென்று, கூட்டத்தில் ஏறி, மானாமதுரையில் இறங்கி வேறு பேருந்து மாறிச் செல்வதைவிட, என் மோட்டார் சைக்கிளிலேயே அழைத்துச் சென்றால் விரைவாகப் போய்ச் சேரலாம் என்று கணக்கிட்டேன். அசர் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் அச்சாலைக்கு அந்நாளில் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். இன்று அதன் எண் 87. சிலைமான் தாண்டினால் வைகைக் கரையின் சமவெளி விரிந்துவிடும். தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள், கண்மாய்க் கரைகள், அவற்றிற்கு அப்பால் கருவேலங்காடுகள். 2015ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கி உலகெங்கும் பெயர் பெற்ற கீழடி, அச்சாலைக்கு அருகில்தான் இருக்கிறது. அன்றைக்கு அது தென்னந்தோப்புகள் நிறைந்த ஒரு சிற்றூர். அதன் மண்ணுக்குள் ஒரு பழைய நகரம் உறங்குவதை அறியாமல்தான் நாங்களும் கடந்து சென்றோம்.

திருப்புவனத்தைத் தாண்டிச் சில மைல் தூரம் சென்றிருப்போம். பின்சக்கரத்தின் பக்கம் 'கடகட' என்று ஓர் ஒலி. அதைத் தொடர்ந்து சாட்டையால் அடித்தாற்போல் ஒரு சத்தம். எஞ்சின் வெறுமனே அலறியது; வண்டியோ மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால், செயின் கழன்று பாம்பைப் போல் சாலையில் கிடந்தது.

மோட்டார் சைக்கிள் செயினின் இரு முனைகளை இணைப்பதற்கு ஒரு பூட்டு உண்டு. மெக்கானிக்குகள் அதைச் 'செயின் லாக்' என்பார்கள். இரண்டு சிறு ஊசிகள் பதித்த ஒரு தகடு, அவ்வூசிகளின் மறுமுனையில் மாட்டும் இன்னொரு தகடு, அத்தகடு கழன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு மெல்லிய கிளிப். அவ்வளவுதான். சில ரூபாய் விலையுள்ள அந்தக் கிளிப் தெறித்துப் போனால், ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வண்டி அசையாது. வந்த வழியே குனிந்து தேடிக்கொண்டு நடந்தேன். ஊசிகள் பதித்த பாகம் மட்டும் கிடைத்தது. மேல்தகடும் கிளிப்பும் கிடைக்கவில்லை. வெயில் தணிந்து, நிழல்கள் நீண்டுகொண்டிருந்தன.

அப்போது மதுரைப் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்தது. கை காட்டினேன். ஓட்டுநர் நல்லவர், நிறுத்தினார். படிக்கட்டு வரை கூட்டம். "அம்மா, நீங்கள் ஏறிப் போய்விடுங்கள். நான் வண்டியைச் சரிசெய்துகொண்டு பின்னால் வருகிறேன்" என்றேன். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "இருட்டில் மானாமதுரையில் இறங்கி நான் எங்கே என்று பஸ் தேடுவேன்? உன்னையும் இங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அத்தா" என்றார். பேருந்து போய்விட்டது. அம்மா செய்தது சரியா, நான் வற்புறுத்தி ஏற்றியிருக்க வேண்டுமா என்று பல நாட்கள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சாலையோரத்தில் நிற்கும் மனிதனுக்கு எந்த முடிவும் முழுமையாகச் சரியாகப் படுவதில்லை.

வண்டியைத் தள்ளத் தொடங்கினேன். அம்மா ஒரு கையில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியின் பின்னிருக்கையைத் தொட்டபடி நடந்து வந்தார். வழியில் மாடுகளை ஓட்டிச் சென்ற ஒருவர், "திருப்பாச்சேத்தி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பட்டறை இருக்கும், கேட்டுப் பாருங்கள்" என்றார்.

திருப்பாச்சேத்தி! அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவின் நடை சற்றுத் தயங்கியதை உணர்ந்தேன். 'திருப்பாச்சி அரிவாள்' என்றால் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். கருது அறுக்கவும், விறகு வெட்டவும், தேங்காய் உரிக்கவும் தலைமுறை தலைமுறையாக அரிவாள் அடித்துத் தரும் கொல்லர்களின் ஊர் அது. ஆனால் திரைப்படங்கள் அந்த அரிவாளை வெட்டுக்குத்துக்கு உரியதாகவே காட்டிக்காட்டி, ஊரின் பெயரையே அச்சத்திற்குரியதாக ஆக்கிவிட்டன. அந்தி மயங்கும் வேளையில், வயதான தாயாருடன், அறிமுகமில்லாத அந்த ஊருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம்.

பட்டறையில் துருத்தி ஓய்ந்து, உலையில் கங்கு மட்டும் இருந்தது. வேலையை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன். அவர் என்னிடம் ஊரையோ பெயரையோ கேட்கவில்லை. செயினைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது சைக்கிள் கடை வேலை, தம்பி. அவன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பான். எங்கே போகிறீர்கள்?" என்றார். நான் பதில் சொல்லும் முன் அம்மா சொன்னார்: "என் தங்கச்சி சாகக் கிடக்கிறாள், ஐயா." பெரியவர் வேறு எதுவும் கேட்கவில்லை. துருத்தியைப் போய்ப் பிடித்தார்.

அரிவாள் அடிப்பதற்குப் பழைய லாரியின் வில்பட்டைகளை வாங்கி வைத்திருப்பார்கள். உறுதியான எஃகு. அதில் வெட்டி எடுத்ததுபோக மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டைக் குறட்டால் பிடித்து உலையில் செருகினார். அது சிவந்ததும் தட்டித் தட்டி மெல்லிய தகடாக்கினார். இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான தூரத்தை ஓர் ஈர்க்குச்சியால் அளந்துகொண்டு, அத்தகட்டில் இரண்டு துளைகள் இட்டார். அரத்தால் இராவிப் பொருத்திப் பார்த்தார், சேரவில்லை. மீண்டும் இராவினார், பொருந்திற்று. கிளிப் இருக்க வேண்டிய காடியில் மெல்லிய எஃகுக் கம்பியை இறுகச் சுற்றி முறுக்கினார். ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

இதற்கிடையில் மஃக்ரிப் நேரம் வந்துவிட்டது. அம்மா அங்குமிங்கும் பார்ப்பதைக் கண்ட பெரியவரின் துணைவியார், "வாங்கக்கா" என்று உள்ளே அழைத்துச் சென்று, கை கால் முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். திண்ணையைக் கூட்டி, வெளுத்து மடித்து வைத்திருந்த சேலை ஒன்றை எடுத்து வந்து விரித்தார். அம்மா தொழுது முடிக்கும்வரை அவ்வழியாக வந்த பிள்ளைகளைக் கையசைத்து ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதை யாரும் கற்றுக் கொடுத்திருக்க முடியாது.

வேலை முடிந்ததும் நான் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினேன். பெரியவர் பத்து ரூபாய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். "வேலைக்குக் கூலி வாங்குவேன், தம்பி. மற்றதற்கு வாங்கக் கூடாது" என்றார். "இது மானாமதுரை வரைக்கும் தாங்கும். முறுக்காமல் போ. அங்கே புதுசு மாட்டிக்கொள்" என்று எச்சரித்து அனுப்பினார். மிதிவண்டியின் வேகத்தில் மானாமதுரை போய்ச் சேர்ந்தோம். கடையைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக், அம்மாவின் முகத்தைப் பார்த்து மீண்டும் திறந்தார்.

புதிய கிளிப்பை மாட்டும்போது அவர் சொன்ன ஒரு சொல் என்னைச் சுட்டது. "கிளிப் ஒரு மீன் மாதிரி, சார். மூடிய பக்கம் தலை. பிளந்த பக்கம் வால். செயின் ஓடுகிற திசையில் தலை முன்னால் போக வேண்டும். திருப்பி மாட்டினால், ஏதாவது உரசும்போது வால் பக்கம் விரிந்து தெறித்துவிடும்." நான் பேசாமல் நின்றேன். அதற்கு முந்திய வாரம்தான், கடைக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று, செயினை நானே கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியிருந்தேன். வாலை முன்னால் வைத்து மாட்டியவன் நான்தான் என்பது அக்கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தாயமங்கலம் வழியாக நாங்கள் இளையான்குடியை அடைந்தபோது இரவு பத்து மணி. சின்னம்மா கண் திறந்து அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். இருவரும் விடியும்வரை கைகளைக் கோத்தபடி இருந்தனர். மறுநாள் லுஹருக்கு முன் சின்னம்மா வஃபாத் ஆகிவிட்டார். இன்னும் சில மணி நேரம் நாங்கள் அச்சாலையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நேயர்களே! வண்டி நடுவழியில் நிற்பதும், கொல்லர் கைகொடுப்பதும் இன்று நேற்று வந்த கதையன்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தார். ஆனால் அதில் நெடுந்தூரம் சென்று காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கணவரிடம் சொல்லாமலே, தம் இரு மகன்களுடன் மூன்று சக்கர வண்டியில் ஏறி, மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள ஃபோர்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். எதற்காக? தாய் வீட்டிற்குப் போவதற்காக! வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் பொருத்தச் செய்தார். செயின் பழுதானபோது புருக்சால் என்ற ஊரில் ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார். அவருக்கும் திருப்பாச்சேத்திப் பெரியவருக்கும் இடையில் நூறு ஆண்டுகளும் கடல்களும் இருக்கலாம். செய்த வேலை ஒன்றே.

நம் மதுரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1912ஆம் ஆண்டிலேயே தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதியில் பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ஓடிய அக்காலச் சாலைகளில் லாட ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அவை டயர்களில் ஏறிப் பேருந்துகள் நடுவழியில் நிற்கும். ஆகவே, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரைப் பக்கம் முதியோர் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், கரியிலிருந்து வாயு உண்டாக்கிப் பேருந்தை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்து தந்தது. வண்டி நின்ற பிறகு வருந்துவதைவிட, நிற்காமல் இருக்க முன்னதாகவே வழி தேடும் புத்தி இது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அந்த ஆணி வண்டியின் செய்தி நமக்கு இனிக்காமல் இருக்குமா?

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அச்சாலை நான்கு வழிச் சாலையாகிவிட்டது. திருப்பாச்சேத்தி அருகே சுங்கச்சாவடியே இருக்கிறது. ஆனால் வேகம் கூடிய சாலையில் நின்றுபோன வண்டிக்கு ஆபத்தும் கூடியிருக்கிறது. ஆதலால் இளைஞர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி தடுமாறத் தொடங்கியதும், ஓட்டம் இருக்கும்போதே சாலையின் இடது ஓரத்திற்கு, வெள்ளைக் கோட்டிற்கு அப்பால் கொண்டுசென்றுவிடுங்கள். திசை காட்டும் விளக்கை எரியவிடுங்கள். உடன் வந்தவர்களை வண்டிக்குப் பின்னால் நிற்கவிடாமல், சாலையைவிட்டு விலகி நிற்கச் செய்யுங்கள். இரவில் வண்டிக்கு எதிரே குனிந்து நின்று பழுது பார்ப்பதைக் காட்டிலும், வெளிச்சமுள்ள தேநீர்க் கடை வரை ஓரமாகத் தள்ளிச் செல்வதே மேல்.

தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. எவருக்கேனும் அடிபட்டிருந்தால் 108. தமிழ்நாட்டில் அந்த ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சும் வழக்கம் நம்மிடையே இருந்தது. 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பளிக்கின்றன. அஞ்ச வேண்டியதில்லை.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை இன்னும் முக்கியமானவை. செயினின் நடுப்பகுதியைக் கையால் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அசைவு இருக்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்த செயினுக்கு எண்ணெய் இடுங்கள். டயரில் காற்றையும், தொட்டியில் பெட்ரோலையும் பாருங்கள். பழைய வண்டியாயின் ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் ஸ்பேனர், ஒரு செயின் லாக், சிறிது கம்பி ஆகியவை இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எரிபொருளைச் செலுத்துவது மின்னணுக் கருவி; அதில் தெரியாமல் கை வைக்க வேண்டாம். எல்லாவற்றிற்கும் மேலாக, தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்யாதீர்கள். நான் சேமித்த கூலி சில ரூபாய். அது என் தாயாரிடமிருந்து பறித்திருக்கக் கூடியது அவருடைய தங்கையின் கடைசி இரவை.

இதை நான் அம்மாவிடம் சொல்லத் துணிவு வர ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. ஓர் இரவு, சாப்பாட்டிற்குப் பின் சொல்லிவிட்டேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தெரியும். அந்த மெக்கானிக் பேசும்போது உன் முகத்தைப் பார்த்தேனே" என்றார். நான் தலை கவிழ்ந்தேன். சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "அது போகட்டும். அந்தப் பட்டறைக்காரரிடம் போய், நாம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம் என்று சொன்னாயா?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சேத்திக்குப் போனேன். பட்டறையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. என்னை முதலில் அடையாளம் கண்டவர் பெரியவரின் துணைவியார். நலம் விசாரிக்கும் முன்பே அவர் கேட்டார்: "அக்கா, தங்கச்சியைப் பார்த்துவிட்டார்களா?" பார்த்துவிட்டார்கள் என்றேன். அவர் உள்ளே திரும்பி, "பார்த்துவிட்டார்களாம்" என்று உரக்கச் சொன்னார். சம்மட்டிச் சத்தம் ஒரு கணம் நின்று, மீண்டும் தொடர்ந்தது.

வாசலில் விழித்திருந்து காத்திருப்பவர் நம் வீட்டுத் தாய் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். வழியில் நமக்குக் கைகொடுத்து அனுப்பியவர்களும் நாம் போய்ச் சேர்ந்த செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அன்று அறிந்தேன். இப்போது ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. உதவியவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீடு சேர்ந்ததும் அவருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.